முகூர்த்தக்காலுக்கு ஒரு சாண் மண்

என் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் எங்கள் வீட்டு வாசலில் ஒரு சாண் மண்கூட இல்லை என்பது தெரியவந்தது.

கண்டுபிடித்தவர் பெரிய அத்தை, அப்பாவின் அக்கா. ஆனைமலையில் பஸ் ஏறி, உக்கடத்தில் இறங்கி, டவுன் பஸ்ஸில் இடிபட்டு, கணபதியில் எங்கள் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு வந்தவர் கையில் இருந்த பைகளைக்கூடக் கீழே வைக்கவில்லை. வாசலின் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். செருப்பைக் கழற்றிக் காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டினார். வைகாசி வெயிலில் தரை சுட்டதால் உடனே செருப்பை மாட்டிக்கொண்டார்.

"ஏப்பா தம்பி, முகூர்த்தக்காலை எங்கப்பா நடுவே?" என்று கேட்டார்.

அப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்தது திறந்தபடி நின்றது. எதற்கும் கைவசம் ஒரு வழி வைத்திருக்கிற மனிதர் அவர். அவரை அப்படி நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. பாவமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் எந்த மண்டபத்தில் நடந்தாலும் பெண் வீட்டு வாசலில் முகூர்த்தக்கால் நட்டாக வேண்டும். பால் வடிகிற மரத்தில் மூன்று கிளையாகப் பிரியும் கொம்பாகப் பார்த்து வெட்டி வருவார்கள். மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, நவதானியம் போட்டுப் பால் ஊற்றிய குழியில் அதை நிறுத்துவார்கள். அதற்குப் பிறகுதான் அது கல்யாண வீடு. அதுவரைக்கும் வெறும் வீடு, பத்திரிகை அடித்திருந்தாலும் சரி.

எங்கள் வாசலில் குழி தோண்ட முடியாது. மதிலுக்கு மதில் கான்கிரீட்.

ஏரோப்ளேன் இறங்கலாம்

அப்பாவுக்கு லேத் பட்டறை. பம்ப் செட்டுகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பார். எதைச் செய்தாலும் தேவைக்கு மேல் இரண்டு மடங்கு பலமாகச் செய்வது அவர் சுபாவம். எனக்குத் தொட்டில் செய்தபோது இரும்புக் குழாயை வளைத்து வெல்டிங் வைத்தாராம். அதை ஆட்டுவதற்குள் அம்மாவுக்கே தூக்கம் வந்துவிடுமாம். துணி காயப் போடும் கம்பம் இரண்டும் பம்ப் செட் ஷாஃப்ட். அவர் செய்து கொடுத்த அரிவாள்மணையை ஒரு ஆள் தூக்கி இன்னொரு ஆள் கீழே இடம் காட்ட வேண்டும்.

அவருடைய இன்னொரு குணம், எதையும் மழையில் விட மாட்டார். வானம் கொஞ்சம் இருட்டினால் போதும். பட்டறையில் இருக்கும் ஆணி, போல்ட் எல்லாம் உள்ளே போய்விடும். மிச்சம் விழுந்த அரைப்படி சிமென்ட்டைக்கூட பிஸ்கட் டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றி, பரணில் வைத்திருப்பார். எங்கள் வீட்டில் பிஸ்கட் டப்பாவைத் திறந்து பிஸ்கட் கிடைத்ததாக எனக்கு நினைவே இல்லை.

நான் ஏழாவது படித்தபோது வாசலுக்குத் தளம் போட்டார். கொத்தனார் நாலு அங்குலம் கனம் போதும் என்றாராம். அப்பா எட்டு அங்குலம் என்றார். அது போதாதென்று பட்டறையில் கிடந்த உடைந்த பல்சக்கரம், தேய்ந்த ஷாஃப்ட், சைக்கிள் செயின் என்று கையில் கிடைத்ததையெல்லாம் உள்ளே போட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக லேத் சுருள். இரும்பைக் கடையும்போது மயிர்ச் சுருள் மாதிரி விழும் கழிவு அது. அதை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து ஜல்லியோடு கலந்துவிட்டார். கான்கிரீட் விரிசல் விட்டாலும் சுருள் பிடித்துக்கொள்ளும் என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. கடைசியில் மதிலையும் தளத்தின் மேலேயே எழுப்பிவிட்டார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா முதலில் வாசலைத்தான் காட்டுவார். ஒரே நாளில் போட்டது, ஒரே கலவை, நடுவில் ஒரு ஒட்டு கிடையாது என்பார். பிறகு குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதித்து, "ஏரோப்ளேனே எறங்கலாமுங்க" என்று முடிப்பார். பீளமேட்டு விமானங்கள் எங்கள் வீட்டுக்கு மேலேதான் போகும். ஒன்றுகூடக் குனிந்து பார்த்ததில்லை.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கும் இதே உபசாரம்தான். மாப்பிள்ளை வீட்டார் பலகாரத் தட்டு வரும் வரை வாசலில் நின்று தளத்தின் வரலாற்றைக் கேட்டார்கள். அன்றைக்குப் பார்க்க வந்தது பெண்ணையா தளத்தையா என்று பாதி நேரம் தனக்குக் குழப்பமாகவே இருந்ததாக என் வீட்டுக்காரர் இன்றும் சொல்வார்.

மதில் தாண்டி வந்த கறிவேப்பிலை

தளம் போட்ட கோடை விடுமுறையில் நான் ஆனைமலையில் அத்தை வீட்டில் இருந்தேன். திரும்பி வந்தபோது வாசல் பளபளவென்று இருந்தது. ஆனால் ஏதோ குறைந்தது. சமையலறை ஜன்னலுக்கு நேராக நின்ற கறிவேப்பிலை மரத்தைக் காணோம்.

அம்மாவிடம் கேட்டேன். உங்கப்பாவைக் கேள் என்றார். அப்பாவிடம் கேட்டேன். வேர் தளத்தைத் தூக்கிவிடும் என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அம்மா சண்டை போடுகிறவர் இல்லை. போட்டிருந்தால் அப்பாவுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்குப் பதில் அம்மா ஒரு வேலை செய்தார். தினமும் காலையில் தாளிப்பதற்குச் சற்று முன்பு, அப்பா சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்து, மதில் ஓரம் போய் நிற்பார். "டீச்சர், ஒரு கொத்து கறிவேப்பிலை குடுங்" என்று பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சரைக் கூப்பிடுவார். அம்மாவுக்கு மெல்லிய குரல். இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் அது கூடத்தைத் தாண்டி அப்பாவின் தட்டு வரைக்கும் வரும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், காய்கறிக்காரர் தினமும் காயோடு ஒரு கொத்து கறிவேப்பிலையைச் சும்மாவே போடுவார். அம்மா அதை எடுத்துத் திரும்ப அவர் கூடையிலேயே வைத்துவிடுவார். டீச்சர் வீட்டு மரம், எங்கள் பழைய மரத்தின் பக்கக் கன்று. அம்மா பிடுங்கிக் கொடுத்ததுதான். தன் மரத்தின் பிள்ளையிடமே பதினோரு வருடம் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா ரசத்தில் மிதக்கும் கறிவேப்பிலையை ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டுச் சாப்பிடுவார். இருவரும் நன்றாகத்தான் இருந்தார்கள். சினிமாவுக்குப் போனார்கள், மருதமலைக்குப் போனார்கள். அந்த ஒரு வாக்கியம் மட்டும் தினமும் மதிலோரம் நடந்தது.

அத்தைக்கு டின் ஆகாது

முகூர்த்தக்காலுக்கு வருகிறேன்.

அப்பா சீக்கிரமே சுதாரித்துக்கொண்டார். ஒரு எண்ணெய் டின்னில் மணலை நிரப்பி அதில் நட்டுவிடலாம் என்றார். ஊரில் பாதி வீட்டில் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். அத்தை கையில் இருந்த காபி டம்ளரை அப்படியே கீழே வைத்தார்.

அத்தைக்கு டின் ஆகாது. அதற்குக் காரணம் இருந்தது. சொந்த மகள் கல்யாணத்தில் பெயிண்ட் டின்னில்தான் கால் நட்டார்கள். பந்தல்காரர் பின்னால் வந்து முட்டியதில் டின் சாய்ந்து, கொம்பு அத்தையின் காலடியிலேயே விழுந்தது. யாரோ உடனே நிமிர்த்திவைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மருமகன் வேலை மாறினாலும், பேரனுக்குச் சளி பிடித்தாலும், அத்தை மனதில் அந்த டின் ஒருமுறை சாயும். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். அன்றைக்கு எங்களிடம் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

"பொண்ணு பொறந்து வளந்த ஊட்ல, மண்ணுல நடோணும். இல்லீன்னா நான் முன்ன நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி காபியை எடுத்துக்கொண்டார்.

என்னைக் கேட்டால், அந்த வயதில் எனக்குச் சாங்கியங்களில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தக் கொம்பு மண்ணில்தான் நிற்க வேண்டும் என்று எனக்கும் ஆசையாக இருந்தது. இன்னும் பத்து நாளில் இந்த வீட்டை விட்டுப் போகிறேன். என் பெயரில் இந்த வாசலில் ஒரு குழியாவது இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றியது. இதை யாரிடமும் சொல்லவில்லை.

டீச்சர் மதிலுக்கு மேலாகத் தலையை நீட்டி, தங்கள் தோட்டத்தில் நட்டுக்கொள்ளச் சொன்னார். நல்ல மனசு. ஆனால் அது எங்கள் வீடு ஆகாதே. அம்மா தளத்தை ஒருமுறை பார்த்தார், அப்பாவை ஒருமுறை பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

தளத்தை உடைப்பது என்று முடிவானது. கால் நட வியாழக்கிழமை காலை நேரம் குறித்திருந்தார்கள்.

பாயின் இரண்டு நாள்

செவ்வாய்க்கிழமை காலையில் உக்கடத்திலிருந்து சிக்கந்தர் பாய் வந்தார். பழைய தொட்டி, இடிந்த பால்கனி, கிணற்றுச் சுவர் என்று எதையும் பக்கத்து வீட்டுக்காரருக்கு வலிக்காமல் உடைத்துக் கொடுப்பவர் என்று பெயர். சம்மட்டி, கடப்பாரை, நாலைந்து உளி கொண்டுவந்திருந்தார். ஆனால் எதையும் உடனே தொடவில்லை. சின்னச் சுத்தியலால் தரையை அங்கங்கே தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். டாக்டர் கணக்காக வாசல் முழுக்கப் பார்த்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏனுங்ணா, எந்தத் தளமா இருந்தாலும் ஓரத்துல இருந்துதானுங்க பிரிக்கோணும். இதுக்கு ஓரம் எங்கீங்க?"

"ஓரமே கெடையாதுங்க பாய்" என்றார் அப்பா. அந்தக் குரலில் இருந்த பூரிப்பை நான் எழுதிக் காட்ட முடியாது.

கால் நிற்க வேண்டிய இடம் என்று அத்தை காட்டிய ஈசான்ய மூலையில் பாய் உளியை வைத்தார். முதல் அடியில் பொறி பறந்தது. பத்தாவது அடியில் உளி மழுங்கியது. மதியத்துக்குள் ஒரு தட்டு அகலத்துக்கு விரிசல் விட்டது. ஆனால் ஒரு துண்டுகூடக் கையோடு வரவில்லை. எல்லாத் துண்டையும் சுருள் உள்ளே இருந்து பிடித்துக்கொண்டிருந்தது. பாய் விரலால் நெம்பிப் பார்த்து, குத்திக்கொண்டு, கையை உதறினார். முப்பது வருடமாகத் தளம் உடைக்கிறேன், முடி முளைத்த தளத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார்.

அப்பா பட்டறைக்கே போகவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். பாய்க்குத் தன் கையாலேயே டீ கொண்டுவந்து கொடுத்தார். சாயங்காலம் கான்கிரீட்டுக்குள் இருந்து பாதிப் பல்சக்கரம் ஒன்று தலை காட்டியது. அப்பா குனிந்து அதைத் தடவி, பழைய சிநேகிதனைப் பார்த்ததுபோல, இத்தனை நாள் இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்றார்.

புதன்கிழமை இடம் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தார்கள். ஒரு இடத்தில் சைக்கிள் செயின். இன்னொரு இடத்தில் கைத்தண்டி ஷாஃப்ட். அப்பா பட்டறையிலிருந்து டிரில்லிங் மிஷினைக் கொண்டுவந்தார். உதவி செய்யத்தான் கொண்டுவந்தார், பொய் சொல்லக்கூடாது. ஆனால் பிட் முறிந்தபோது அவர் முகம் வாடவில்லை.

மூன்று மணி வாக்கில் பாய் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாளைக் காலைக்குள் ஆகிற காரியமாகத் தெரியவில்லை என்றார். அத்தை ஊருக்குக் கிளம்புகிற மாதிரி தன் பைகளை எடுத்துக் கட்டிலின் மேல் வைத்தார். அப்பா தளத்தின் மேல் நின்றபடி, குதிகாலால் லேசாக ஒரு மிதி மிதித்தார். பழக்க தோஷம்தான். ஆனால் நான் அதைப் பார்த்துவிட்டேன்.

அப்பாவிடம் நான் குரல் உயர்த்திப் பேசியது மொத்தமே இரண்டு மூன்று முறை இருக்கும். அதில் இது ஒன்று.

"உங்களுக்கு இந்தத் தளம் ஜெயிக்கோணுமாப்பா, எங் கல்யாணம் நடக்கோணுமா?" என்று கேட்டேன்.

பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணப் பெண் அழக்கூடாது என்று அத்தை உள்ளேயிருந்து அதட்டியதில் இன்னும் கொஞ்சம் வந்தது.

கடைசியாகக் காய்ந்த கோடு

அப்போதுதான் அம்மா வாளியோடு வெளியே வந்தார்.

எங்கள் தளம் வெயில் காலத்தில் அடுப்புக் கல் மாதிரி காயும் என்பதால், தினமும் சாயங்காலம் அம்மா வாசல் முழுக்க உப்புத்தண்ணீர் தெளிப்பார். சிறுவாணித் தண்ணீர் குடிக்க, போர் தண்ணீர் வாசலுக்கு. பதினோரு வருட வழக்கம். ஆனால் ஐந்து மணிக்கு முன்னால் தெளித்ததில்லை. அன்றைக்கு மூன்றரை மணிக்கே ஆரம்பித்தார். உடைந்த இடம், உடையாத இடம் எல்லாவற்றிலும் ஒரே சீராகத் தெளித்தார். பாயின் உளிகளை மட்டும் நனையாமல் எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு சமையலறை வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

தண்ணீர் காயத் தொடங்கியது. வைகாசி வெயிலுக்கு எவ்வளவு நேரம் வேண்டும். மதிலோரம் வெளுத்தது, நடுவாசல் வெளுத்தது. சமையலறை ஜன்னலுக்கு நேராக மட்டும் ஒரு கோடு ஈரமாகவே இருந்தது. கோடு அல்ல, வட்டம். ஒரு பெரிய அண்டாவைக் கவிழ்த்துவைத்து வரைந்த அளவுக்கு ஒரு வட்டம்.

அந்த வாசலில்தான் நான் பாண்டி ஆடினேன், சைக்கிள் பழகினேன். அந்த வட்டத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. தரை காய்வதை யார் நின்று பார்ப்பார்கள்? தினமும் தெளிக்கிறவர்தான் பார்த்திருக்க வேண்டும்.

பாய் எழுந்து போய் அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினார். "ஏனுங்ணா, இதென்னங்க, இங்க மட்டும் வட்டமா ஒரு ஒட்டுத் தெரியுது?" என்று கேட்டார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில் அப்பா வேறு ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். கலவை கொஞ்சம் இளகிவிட்டது என்று சொன்னால் நாங்கள் எல்லோரும் நம்பியிருப்போம், அம்மாவைத் தவிர.

"அங்க சுருள் போடலீங்க பாய்" என்றார். "அது மறுநாள் போட்டது. அங்க கறிவேப்பிலை மரம் இருந்துச்சு. அவ அன்னிக்கு மரத்தடியிலியே உக்காந்துட்டா. சரி, இது இருந்துட்டுப் போகுதுன்னு சொல்லி, அதைச் சுத்தி உட்டுட்டுத்தான் போட்டோம்."

நிறுத்தினார். பிறகு மீதியையும் சொன்னார்.

"காத்தால அவ பால் வாங்கப் போன நேரத்துல புடுங்கிப்போட்டேன். சுருள் தீந்துபோச்சு. கையில இருந்த சிமென்ட்ட வெச்சு அடைச்சேன். அங்க அடிங்க பாய், உட்டுரும்."

இத்தனையும் பாயைப் பார்த்துத்தான் சொன்னார். ஒரே நாள், ஒரே கலவை, ஒட்டே கிடையாது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார். அப்பாவின் காது மடல் சிவந்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். என் கோபம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

அம்மா எழுந்து உள்ளே போய் எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தார். அப்பாவின் டம்ளரை முதலில் நீட்டினார்.

பாய் வட்டத்தின் மேல் உளியை வைத்து நாலு அடி அடித்தார். ஐந்தாவது அடியில் ஒரு துண்டு அப்பளம் மாதிரி நொறுங்கிக் கையோடு வந்தது. பொழுது சாய்வதற்குள் முழு வட்டமும் வெளியே வந்துவிட்டது. அடியில் மண் கறுப்பாக, பதினோரு வருடம் வெயில் படாத குளிர்ச்சியோடு இருந்தது. அம்மா குனிந்து கையை விட்டுத் துழாவினார். விரல் தடிமனில் காய்ந்த வேர் ஒன்று வந்தது. மோந்து பார்த்தார். வாசனை எதுவும் இல்லை என்று சொல்லி, அதைத் தூக்கிப் போடாமல் ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. அது ஈசான்ய மூலை இல்லை. அத்தை வட்டத்தின் அருகில் நின்று பார்த்தார், கேட்டின் அருகில் நின்று பார்த்தார். கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு இடத்தைக் கண்டுபிடித்து, இங்கிருந்து பார்த்தால் அதுதான் ஈசான்யம் என்று தீர்ப்புச் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. கட்டிலின் மேல் இருந்த பைகள் மறுபடி கீழே இறங்கின.

வியாழக்கிழமை காலையில் என் தாய்மாமா கொம்பை நட்டார். அத்தை மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்து இறுக்கினார். பிறகு கொம்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. மறுபடி ஆட்டிப் பார்த்தார். அதன் பிறகுதான் குலவை போட்டார். அத்தை மனதில் சாய்ந்துகொண்டே இருந்த அந்தப் பழைய டின் அன்றைக்கு நிமிர்ந்திருக்க வேண்டும்.

தார்ப்பாய்

கால் நட்ட அன்றே அப்பா ஒரு மூட்டை சிமென்ட் வாங்கி வந்து மதிலோரம் வைத்தார். பட்டறைத் தார்ப்பாயைப் போட்டு மூடி, நாலு பக்கமும் கல் வைத்தார். எதற்கு என்று கேட்டேன். கல்யாணம் முடிந்ததும் குழியை அடைக்க என்றார். திறந்து கிடந்தால் யாராவது கால் வைத்துவிடுவார்கள் என்றார். அதில் நியாயம் இருந்தது. அவருடைய எல்லாக் காரியத்திலும் நியாயம் இருக்கும், அதுதான் கஷ்டமே.

கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மா எனக்குத் தலை பின்னிவிடும்போது, அந்த இடத்தைப் பூச விடாதீர்கள், ஒரு செடி வையுங்கள் என்று சொன்னேன்.

"உங்கப்பா பூசிருவாரு கண்ணு. சிமென்ட்டு வந்துருச்சில்ல" என்றார் அம்மா. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. நாளைக்கு மழை வரும் என்பது போலச் சாதாரணமாகச் சொன்னார். மாமியார் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எல்லோரும் நான் பிறந்த வீட்டை நினைத்து அழுகிறேன் என்று நினைத்தார்கள். நான் அந்தக் குழியை நினைத்து அழுதேன்.

எனக்கு வாய்த்த ஊர் சோமனூர். பகலெல்லாம் தறிச் சத்தம். போன் செய்தால் நலமா, சாப்பிட்டாயா என்பதற்குள் நேரம் போய்விடும். குழி என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கேட்காத வரைக்கும் அது திறந்துதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டேன்.

ஆடிக்கு அழைத்துப்போக அப்பாவே வந்தார். பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பட்டறை, புது ஆர்டர், அத்தையின் முட்டி வலி என்று எல்லாம் பேசினார். வாசலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அப்பா வாசலைப் பற்றிப் பேசாமல் ஒரு மணி நேரம் இருந்தது அதுதான் முதல் தடவை. சரி, பூசிவிட்டார் என்று முடிவு செய்துகொண்டேன்.

வீட்டுக்குப் போனபோது தூறிக்கொண்டிருந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் ஊருக்குள் ஆடியில் எப்படி அடிக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். குடை நிற்காது. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது சிமென்ட் மூட்டைதான். வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. அதன் மேல் தார்ப்பாய் இல்லை. வைகாசிக்குப் பிறகு பெய்த மழை மொத்தமும் அதன் மேல்தான் பெய்திருக்க வேண்டும். காகித உறை கிழிந்து தொங்க, உள்ளே சிமென்ட் மூட்டை வடிவத்திலேயே பாறையாக இறுகிக் கிடந்தது. விரலால் தட்டிப் பார்த்தேன். ணங்கென்றது.

"என்னப்பா, சிமென்ட்ட மழையில உட்டுட்டீங்க?" என்றேன்.

"மறந்துபோச்சு கண்ணு" என்றார் அப்பா. என் பெட்டியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

அரைப்படி சிமென்ட்டுக்கு மெழுகு வைத்து மூடுகிற மனிதர்.

தார்ப்பாய் எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். சமையலறை ஜன்னலுக்கு நேராக இருந்தது. வட்டக் குழியின் விளிம்புக்குள்ளேயே நாலு பக்கமும் இரும்பு ஷாஃப்ட் ஊன்றி, குறுக்கே வெல்டிங் வைத்து, அந்தத் தார்ப்பாயைக் காற்று வரும் மேற்குப் பக்கம் இழுத்துக் கட்டியிருந்தது. நடுவில் ஒரு சாண் உயரத்தில் கறிவேப்பிலைக் கன்று. டீச்சர் வீட்டு மரத்தின் பக்கக் கன்று என்று பிறகு தெரிந்தது. மொத்தம் ஏழு இலைக்காம்பு. எண்ணினேன்.

தூறல் நின்றதும் அம்மா அந்த இறுகிப்போன மூட்டையின் மேல் கோணியை விரித்து உட்கார்ந்து எனக்குத் தலை துவட்டினார். இப்போதெல்லாம் அங்கேதான் உட்கார்ந்து அரிசி புடைக்கிறாராம், உயரம் தோதாக இருக்கிறதாம். தாளிப்புக்கு இன்னும் டீச்சரிடம்தான் வாங்குகிறார். செடி பெரிதாகும் வரைக்கும் வேறு வழி இல்லை. ஆனால் இப்போது மெல்லிய குரலிலேயே கேட்கிறார் என்று டீச்சர் சொன்னார்.

அந்தக் கம்பிக் கூண்டை நான் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அடியில் ஒவ்வொரு ஷாஃப்ட்டும் முழங்கை ஆழம் போயிருக்க வேண்டும். துளி அசையவில்லை. ஏழு இலைக்கு எதற்கு இவ்வளவு இரும்பு என்று கேட்டேன்.

ஜன்னலுக்கு உள்ளேயிருந்து, வாசலில் இருந்த அம்மாவுக்கும் கேட்கும்படியாகவே அப்பா பதில் சொன்னார்.

"ஏரோப்ளேனே வந்து மோதுனாலும் செடிக்கு ஒண்ணும் ஆகாது கண்ணு."